பன்னிரண்டில் நின்ற முள்

வியாழக்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு முள் பன்னிரண்டில் போய் உட்கார்ந்தது. அதற்கு மேல் ஏறவில்லை.

பல் டாக்டர் அழுத்தமானியின் கண்ணாடியை விரல் நகத்தால் தட்டினார். முள் லேசாக ஆடி, பன்னிரண்டுக்கே திரும்பியது.

மூன்று வருடம் ஞாயிறு ஞாயிறாகச் செய்த என்ஜின். பிஸ்டன் புதிது, கேம் ஷாஃப்ட் புதிது, பேரிங் புதிது. இன்றுதான் முதன்முறையாகச் சூடேறி ஓடுகிறது. சத்தம் சிங்கம் மாதிரி இருந்தது. எண்ணெய் அழுத்தம் பூனை மாதிரி இருந்தது.

"பன்னிரண்டுதான் காட்டுது," என்றார்.

ஷெட் வாசலில் அவர் மனைவி ஈரத்துணி வாளியுடன் நின்றிருந்தாள். "பன்னிரண்டு நல்லதா கெட்டதா?"

"தெரியல."

"தெரியலன்னா ஏன் முகத்த இப்படி வெச்சிருக்கீங்க? எனக்கு பக்குனு ஆகுது."

வண்டி, அந்தப் பழைய கார், அவள் அப்பாவுடையது. டாக்டருக்குப் பெண்ணைக் கொடுத்த மனிதர் கடைசிவரை சாவியைக் கொடுக்கவில்லை. அவர் போன பிறகு வண்டி யாருக்கு என்று பேச்சு வந்தபோது, மச்சினன் அதைக் கல்யாண ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விடப்போவதாகச் சொன்னான். டாக்டருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. முடிவில் மனைவிதான் நடுவில் நின்று ஒரு வழி சொன்னாள். இந்த ஞாயிறு காலை பத்து மணிப் பந்தயத்தில் வண்டி ஒரே ஒரு சுற்று முழுதாக ஓடினால் டாக்டருக்கு. ஓடாவிட்டால் தம்பிக்கு.

ஜெயிக்க வேண்டாம். ஓடினால் போதும். ஒரு சுற்று.

"பம்ப்பை மாத்தணும்," என்றார் டாக்டர், என்ஜினை நிறுத்தியபடி.

"எந்த பம்ப்?"

"எண்ணெயத் தள்ளுற பம்ப். எது சரின்னு தெரிஞ்சவங்கள கேட்டுட்டு வர்றேன்."

உதிரி பாகக் கடையில் நீளமான மேசை. அதற்குப் பின்னால் கூரை வரை அலமாரிகள். மேசையின் ஒரு கோடியில் பில் போடும் பெண், காதில் எதையோ செருகிக்கொண்டு, தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். எதிரில் பெட்டி வந்து விழுந்தால் பில் போடுவாள். விழாவிட்டால் இல்லை.

மேசைக்கு உட்பக்கம், ஒரு சின்ன ஏணியின் மூன்றாம் படியில், நீலக் கோட்டு போட்ட ஒருவர் நின்றிருந்தார். ஐம்பது வயது இருக்கும். காதில் பென்சில். இரண்டு கையிலும் இரண்டு பம்ப். இதைப் பார்ப்பதும் அதைப் பார்ப்பதுமாகத் தனக்குள் என்னவோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"ஆயில் பம்ப் ஒன்னு தேர்ந்தெடுக்கணும்," என்றார் டாக்டர்.

"எந்த என்ஜின்?"

டாக்டர் சொன்னார். நீலக் கோட்டுக்காரர் ஏணியிலிருந்து விழப் பார்த்தார்.

"அதேவா? கேம் ஷாஃப்ட் மாத்தியாச்சா?"

"ஆச்சு."

"பேரிங்ல இடைவெளி கொஞ்சம் தாராளமா விட்டிருக்கீங்களா?"

"விட்டிருக்கேன்."

"நிமிஷத்துக்கு ஏழாயிரம் சுத்து வரைக்கும் ஓட்டணும்?"

"ஆமா!"

"அப்படியே அச்சு அசலா அதே," என்றார் நீலக் கோட்டுக்காரர். கண்ணில் ஈரமே வந்துவிட்டது போலிருந்தது. இறங்கி வந்து, பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துப் பென்சிலை நாக்கில் தொட்டார். "சூடா இருக்கும்போது, சும்மா ஓடுறப்ப எவ்வளவு காட்டுது?"

"பன்னிரண்டு."

எழுதிக்கொண்டார். டாக்டருக்கு உள்ளம் குளிர்ந்தது. இருபத்திரண்டு வருடத் தொழிலில் அவரும் இப்படித்தான். நோயாளி வாயைத் திறக்குமுன் நோட்டைத் திறப்பார்.

"பெரிய பம்ப் போட்டுப் பாருங்க," என்று ஒரு பெட்டியை நீட்டினார் நீலக் கோட்டுக்காரர். "பழசைவிட கால் பங்கு கூடுதலா தள்ளும். உள்ள பாருங்க, பல்சக்கரமே எவ்வளவு உயரம்."

டாக்டர் பார்த்தார். பற்கள் வரிசையாக, சொத்தை இல்லாமல், ஈறு பளபளவென்று இருந்தன. உடனே நம்பிக்கை வந்துவிட்டது.

"மாட்டிட்டு என்ன ஆச்சுன்னு வந்து சொல்லுங்க. போன்ல வேணாம், நேர்ல. நான் இங்கதான் இருப்பேன்."

"நீங்க எல்லார்கிட்டயும் இவ்வளவு அக்கறையா கேப்பீங்களா?"

"ரெண்டு நாளா இதே நெனப்பு சார். தூக்கம் இல்ல."

டாக்டர் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார்: "தொழில்னா அது தொழில். நம்ம என்ஜினுக்காக அந்த மனுஷன் தூங்கல."

"நீங்க இன்னைக்குத்தானே போனீங்க? ரெண்டு நாளா எப்படித் தூங்காம இருப்பாரு?"

டாக்டர் அதைக் காதில் வாங்கவில்லை. கிளினிக்குக்கு போன் போட்டு, வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் வருகிறவர்களுக்கு வலி மாத்திரை சொல்லச் சொன்னார்.

மாலை ஐந்து மணிக்கு முள் முப்பத்தைந்தில் நின்றது. டாக்டர் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் பார்த்து, "நல்லா இருக்கு," என்றாள், யாரோ வீட்டுக் குழந்தையைப் பார்த்துச் சொல்வது போல.

"இப்ப பாரு," என்று ஆக்சிலரேட்டரை ஐயாயிரம் சுற்று வரை அழுத்திப் பிடித்தார்.

ஐம்பது. ஐம்பது. ஐம்பது. பிறகு முள் நடுங்கியது. அப்புறம் கிணற்றில் விழுந்த குடம் மாதிரி பூஜ்யத்துக்குப் போய்விட்டது.

டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாவியைத் திருகி அணைத்தார். எண்ணெய் மட்டம் பார்க்கும் அளவுகோலை உருவிப் பார்த்தார். பொட்டு எண்ணெய் இல்லை.

"நாலரை லிட்டர் ஊத்துனேன்! எங்க போச்சு?"

தரையில் ஒரு சொட்டு கிடையாது. என்ஜினின் தலைமேல் இருந்த மூடியைத் திறந்தார். எண்ணெய் விளிம்புவரை தளும்பி, திறந்த வாயால் அவர் செருப்பில் வழிந்தது.

"மொத்தக் குடும்பமும் மாடிக்குக் குடி போயிடுச்சு," என்றாள் மனைவி.

வெள்ளி காலை கடை திறக்கும்போதே டாக்டர் வாசலில் நின்றார். நீலக் கோட்டுக்காரர் அவருக்கு முன்பே வந்து நின்றிருந்தார்.

"என்ன ஆச்சு?"

"மேல ஏறின எண்ணெய் கீழ இறங்கல. அடியில இருக்கற எண்ணெய்த் தொட்டி காலி."

"எத்தனை நொடியில?"

"ஒரு இருபது."

"ஒரு இருபதா, சரியா இருபதா?"

"இருபத்திரண்டு."

பென்சில் ஓடியது. "நெனச்சேன். எனக்கும் இதுல ஒரு சந்தேகம் இருந்துச்சு."

நேற்றே ஏன் சொல்லவில்லை என்று டாக்டர் கேட்கவில்லை. பெரிய நிபுணர்களுக்கே தங்கள் மேல் சந்தேகம் வரும். அரைகுறைகளுக்கு வராது.

"அடித்தொட்டி ஆழமா இருந்தா காலியாகாது," என்று ஆழமான தொட்டி ஒன்றை எடுத்து நீட்டினார் நீலக் கோட்டுக்காரர். "ஆனா வண்டியோட குறுக்குச் சட்டத்துல இடிக்குமோ என்னவோ."

"இடிக்குமா?"

"மாட்டிப் பாத்தாத்தானே தெரியும்!"

மாட்டிப் பார்த்தார். தெரிந்தது. இடித்தது.

என்ஜினை இரண்டு விரல் உயரம் தூக்கி, தாங்கிகளுக்கு அடியில் கட்டை கொடுத்தார். தொட்டி சட்டத்தைத் தாண்டியது. இப்போது பானெட் மூடவில்லை. தூக்கிப் பார்த்தார், அமுக்கிப் பார்த்தார், மேலே ஏறி உட்கார்ந்தும் பார்த்தார். பல்லுக்கு மேல் பல் முளைத்த வாய் மாதிரி அது திறந்தே கிடந்தது.

பிறகு தகடு அறுக்கும் மெஷினை எடுத்தார்.

பொறி பறந்துகொண்டிருந்தபோது மச்சினன் வந்தான். வந்தவன் ஷெட் வாசலிலேயே நின்றுவிட்டான். வாய் மட்டும் அசைந்தது. டாக்டர் மெஷினை நிறுத்திய பிறகுதான் சத்தம் கேட்டது.

"மாமா! எங்கப்பா வண்டியோட நெத்தியில என்ன பண்றீங்க?"

"சிகிச்சை."

"மயக்க மருந்து எனக்குக் கொடுத்துட்டாவது பண்ணக்கூடாதா? அக்கா! இங்க வந்து பாருக்கா, ஓட்டை போட்டிருக்காரு!"

மனைவி வந்தாள். பானெட்டைப் பார்த்தாள். அப்பா தினமும் காலையில் மெல்லிய துணியால் துடைத்த இடத்தில் இப்போது ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டம். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று டாக்டருக்குத் தெரியவில்லை. பார்க்க தைரியமும் இல்லை.

மச்சினன் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தான். கொஞ்சம் தேறியிருந்தான். "பரவால்ல. அந்த இடத்துல ஒரு பெரிய பூங்கொத்து வெச்சா மறைஞ்சுடும். மாப்பிள்ளை பொண்ணு பேரும் எழுதலாம்."

"ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குப் பேசிக்கலாம், மாப்ளே."

"பேசலாம் மாமா. இன்னும் எதையாவது அறுக்கறதுக்கு முன்னால ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் வீட்லயே இருந்துக்கறேன்."

அவன் போன பிறகு என்ஜினை ஓட்டிப் பார்த்தார். சும்மா ஓடும்போது முப்பது. ஆறாயிரத்தில் நாற்பத்தைந்து. ஒரு நிமிடம் பிடித்தார். இரண்டு நிமிடம் பிடித்தார். முள் ஆடவில்லை, அசையவில்லை.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் வந்து சொல்லச் சொன்னவரிடம் சொல்லாமல் இருப்பது முறையில்லை. சிகிச்சை முடிந்து திரும்பி வராத நோயாளிகளை டாக்டருக்கு அறவே பிடிக்காது.

"ஆறாயிரத்துல நாற்பத்தஞ்சா?" நீலக் கோட்டுக்காரரின் முகம் சுருங்கியது. "ஆயிரம் சுத்துக்குப் பத்துன்னு கணக்கு. அறுபது வேணுமே. பதினஞ்சு குறையுது."

டாக்டர் மேசையை இன்னும் நெருங்கி வந்தார். "பதினஞ்சு பெரிய விஷயமா?"

"அதுதான் எனக்கும் தெரியணும்." அவர் ஒரு சின்னப் பொட்டலத்தைப் பிரித்துச் சுருள்வில் ஒன்றை உள்ளங்கையில் உருட்டினார். "அழுத்தம் மிஞ்சிப் போனா எண்ணெயத் திருப்பி விடுற வால்வு ஒன்னு பம்ப்ல இருக்குல்ல, அதுக்குள்ள போடறது. இது ரொம்ப விறைப்பு. இதைப் போட்டா என்ன ஆகும்?"

"என்ன ஆகும்?"

"அதைத்தான் பாக்கணும்."

இரண்டு நிபுணர்கள் ஒருவரையொருவர் மதிப்புடன் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னங்க," என்றாள் மனைவி வீட்டில், பொட்டலத்தைப் பார்த்ததும். "ஓடிக்கிட்டுத்தானே இருந்துச்சு? இன்னொருத்தர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

டாக்டர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "என் நாற்காலியில உக்காந்துக்கிட்டு, வாயையும் திறந்து வெச்சுக்கிட்டு, 'இன்னொரு டாக்டர கேட்டுட்டு வரட்டுமா'ன்னு ஒருத்தன் கேட்டா எனக்கு எப்படி இருக்கும்?"

"வாயத் திறந்து வெச்சுக்கிட்டு எப்படிக் கேப்பான்?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"நானும் ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன். போட்டுக்கோங்க."

ஐந்தரைக்குச் சாவியைத் திருகினார். என்ஜின் ஆறிப்போய்க் கிடந்தது. எண்ணெய் கூழ் மாதிரி இருந்தது. முள் அறுபதைத் தொட்டபோது டாக்டர் சிரித்தார். தொண்ணூறைத் தொட்டபோது சிரிப்பு பாதியில் நின்றது. நூற்றிருபதில் அழுத்தமானியில் எண்கள் தீர்ந்துவிட்டன.

பக்கவாட்டில் திருகியிருந்த எண்ணெய் ஃபில்டர் மெல்ல உப்பியது. வீங்கிய கன்னம் மாதிரி. டாக்டர் அந்த வீக்கத்தைத் தொழில்முறை ஆர்வத்துடன் குனிந்து பார்த்தார்.

வெடித்தது.

நல்லவேளை, குனிந்திருந்த பக்கம் வெடிக்கவில்லை. மறுபக்கம் வெடித்தது. மறுபக்கத்தில் ஷெட் கதவு திறந்திருந்தது. கதவுக்கு நேர் எதிரே துணிக்கொடி. கொடியில், மனைவி அன்று துவைத்துக் காயப்போட்ட ஆறு வெள்ளைக் கோட்டுகள்.

மனைவி வெளியே ஓடிவந்தாள். கொடியைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள். ஆறு கோட்டுகளும் கறுப்பு வழிய, கைகளைத் தொங்கவிட்டு, அவளைப் பார்த்து நின்றன.

"திங்கட்கிழமை எதைப் போட்டுக்கிட்டு பல்லு புடுங்கப் போறீங்க?"

டாக்டர் ஒரு கோட்டின் கையைப் பிழிந்து பார்த்தார். அவர் காதில் இன்னும் வெடித்த சத்தமே ஓடிக்கொண்டிருந்தது.

சனி காலை கிழிந்த ஃபில்டரை ஒரு துணியில் சுற்றி எடுத்துப்போனார். நீலக் கோட்டுக்காரர் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டார்.

"வெடிச்சிருச்சா? கொண்டு வந்துட்டீங்களா? குடுங்க, குடுங்க."

ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். எக்ஸ்ரே பார்ப்பது போல. "தையல்லயே விட்டிருக்கு. எவ்வளவுல?"

"நூத்தியிருபது. முள்ளு அதுக்கு மேல போகாது."

"அடேயப்பா!" என்று நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டார். பிறகு கனமான தகட்டில் செய்த ஃபில்டர் ஒன்றை எடுத்து வைத்தார். "இது வெடிக்காது."

"அப்ப சரியாயிடுமா?"

"இது தாங்கிடுச்சுன்னா, அடுத்து எது தாங்காதுன்னு நமக்குத் தெரிஞ்சுடும் சார்."

நமக்கு என்றார். அந்த ஒரு வார்த்தை டாக்டரின் நெஞ்சைத் தொட்டது.

பதினொன்றரைக்கு அது தெரிந்தது. ஃபில்டர் மலைபோல் நின்றது. முள் நூற்றிருபதில் முட்டிக்கொண்டு நின்றது. பிறகு என்ஜினுக்கு அடிவயிற்றில் 'டக்' என்று ஒரு சத்தம். முள் பூஜ்யத்துக்கு வந்தது.

டாக்டரின் கை அவரைக் கேட்காமலே சாவியைத் திருகி அணைத்துவிட்டது.

அடித்தொட்டியைக் கழற்றினார். பம்ப்பைச் சுற்றும் தண்டு, பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொண்டு, இரண்டாக ஒடிந்து கிடந்தது. அரை மணி நேரம் கழித்து, எண்ணெய் வழியும் கையோடு, மெல்ல ஒரு பேரிங்கைப் பிரித்துப் பார்த்தார். கீறல் இல்லை. இன்னொன்றைப் பார்த்தார். அதிலும் இல்லை.

"உயிர் இருக்கு," என்றார். "சரியான பம்ப் ஒன்னு மட்டும் கிடைச்சா போதும். சாயங்காலத்துக்குள்ள பூட்டிடுவேன். நாளைக்கு ஒரு சுத்து ஓடிடும்."

"யாருக்கு உயிர் இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே மச்சினன் உள்ளே வந்தான். அவன் தோளில் வண்டி இழுக்கும் கம்பிக் கயிறு சுருளாகத் தொங்கியது.

"இது எதுக்கு?"

"சும்மா மாமா. நாளைக்கு வேலை இருக்கும்ல, இன்னைக்கே எடுத்து வெச்சுக்கிட்டேன்."

"என்னை அந்தக் கடைக்குக் கொண்டுபோய் விடு. சீக்கிரம்."

மச்சினன் அக்காவைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். "கொண்டுபோய் விடுடா. அவரு போயே தீருவாரு. நடந்து போனா எண்ணெயப் பார்த்து நாய் துரத்தும்."

கடை வாசலில் மச்சினன் தன் வண்டியிலேயே இருந்துகொண்டு ஹாரனை ஒருமுறை அழுத்தினான். "அஞ்சு நிமிஷம் மாமா. கயிறு கனமா இருக்கு."

டாக்டர் ஓடினார். ஒடிந்த தண்டின் இரண்டு துண்டுகளையும் மேசைமேல் வைத்தார். நீலக் கோட்டுக்காரர் அவற்றை எடுத்து ஒன்றோடு ஒன்று பொருத்திப் பார்த்தார். முகம் வெளிறியது. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

"நல்லவேளை!" என்றார்.

"ஆமாங்க. யாருக்கும் அடி படல. என்ஜினும் தப்பிச்சுது. ஆனா எனக்கு இனி நேரம் இல்ல, நாளைக்குப் பத்து மணிக்கு ஓடணும். இந்த பம்ப்பா அந்த பம்ப்பான்னு இனிமே சோதிச்சுப் பாக்க முடியாது. எது சரின்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொல்றதைத்தான் நான் போடுவேன்."

நீலக் கோட்டுக்காரர் நோட்டைத் திறந்து முதல் பக்கத்திலிருந்து விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். பன்னிரண்டு. முப்பத்தைந்து. இருபத்திரண்டு நொடி. நாற்பத்தைந்து. நூற்றிருபது. டக். உதடு அசைந்தது.

நோட்டை மூடினார்.

"தெரிஞ்சுபோச்சு," என்றார்.

"தெரிஞ்சுபோச்சா?"

"சந்தேகமே இல்லாம தெரிஞ்சுபோச்சு சார். ரொம்ப பெரிய மூளை வேணும்னு நெனச்சேன். பொறுமைதான் வேணும்." ஏணியை இழுத்துப் போட்டு விறுவிறுவென்று ஏறினார். மேல் தட்டில், மூலையில், அந்த ரகத்தில் ஒரே ஒரு பெட்டி இருந்தது. அதை எடுத்துக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினார்.

டாக்டர் எண்ணெய்க் கைகளைச் சட்டையில் துடைத்து, இரண்டையும் நீட்டினார்.

நீலக் கோட்டுக்காரர் மேசைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். நீட்டிய கைகளில் ஒன்றைப் பிடித்து அழுத்தமாகக் குலுக்கினார். "இந்த உதவிய சாகற வரைக்கும் மறக்க மாட்டேன் சார்," என்றார். பிறகு பில் போடும் இடத்துக்குப் போய்ப் பெட்டியை வைத்தார், பணம் கொடுத்தார், பெட்டியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார், வாசலைத் தாண்டி வெயிலில் இறங்கி நடந்தார்.

டாக்டரின் இன்னொரு கை நீட்டியபடியே இருந்தது.

வெளியே மச்சினன் ஹாரன் அடித்தான்.

டாக்டர் பில் போடும் பெண்ணிடம் ஓடினார். "அம்மா, அது எனக்கு எடுத்த பம்ப்! உங்க கடை ஆளு அதை எங்க எடுத்துட்டுப் போறாரு?"

மூன்று நாளில் முதல்முறையாக அவள் தலை நிமிர்ந்தாள். காதில் இருந்ததை உருவினாள்.

"எங்க கடை ஆளா? அவரு வாடிக்கையாளர் சார், பழக்கமானவரு, உள்ள வந்து அவரே எடுத்துப் பாப்பாரு. அவரும் இதே என்ஜின்தான் நாளைக்குப் பந்தயத்துல விடறாரு. அது கெடக்கட்டும், மூணு நாளா ஒவ்வொன்னா மாட்டி, உடைச்சு, என்ன ஆச்சுன்னு வந்து ஒப்பிச்சுட்டுப் போறீங்களே, அதுக்கு அவரு உங்களுக்கு என்ன சம்பளம் தர்றாரு?"